முழங்கால் எண்ணெயும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

தனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பது ஐம்பது வயது வரை எந்த மனுஷருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வேறு எதுவும் தெரியாது. (பல்லும் அப்படித்தான் என்பார் என் கணவர். அவருடைய பல்லைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. இது என்னை நானே கேவலப்படுத்திக்கொள்ளும் கட்டுரை. அவருக்கும் இதில் இடம் உண்டு, பிறகு வருவார்.)

எங்கள் ஊர் இரணியலுக்குப் பக்கத்தில். தபால் ஆபீசில் உட்கார்ந்த இடத்திலேயே முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வூதியத்தோடு சேர்த்து ஒரு அரிசி மூட்டை அளவு எடையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த மூட்டையை இரவும் பகலும் சுமந்தவை என் முழங்கால்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவை வேலைநிறுத்தம் செய்தன. அதற்கு அவை தேர்ந்தெடுத்த இடம்தான் சர்ச்.

திருவிருந்து நேரம். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி உண்டு. அதையொட்டி வரிசையாக முழங்கால்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டும். பிறகு போதகர் "சமாதானத்தோடே போங்கள்" என்பார். வரிசை மொத்தமும் எழுந்து போகும், அடுத்த வரிசை வரும். அன்றைக்கும் அவர் சொன்னார். எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் சமாதானத்தோடே அங்கேயே இருந்தேன்.

உருக்கமாக ஜெபிக்கிறாள் என்று முதலில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே நடித்தேன், கண்ணை இறுக மூடி உதட்டை அசைத்துக்கொண்டு. அடுத்த வரிசை வந்து என்னைச் சுற்றி முழங்கால்படியிட்டது. அதுவும் எழுந்து போனது. பாடகர் குழு முடிந்துபோன பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது. கடைசியில் புஷ்பம் டீச்சர் ஒரு கையிடுக்கிலும் போதகரின் மனைவி மறு கையிடுக்கிலும் பிடித்து, கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவது போல என்னைத் தூக்கினார்கள்.

புஷ்பம் டீச்சர் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. நான் செயலாளர். ஒரு சங்கத்தில் தலைவிக்கும் செயலாளருக்கும் எவ்வளவு அன்பு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், ஊர் மொத்தமும் கேட்கும்படி அவள் என்னிடம் அன்பாகச் சொன்னாள்.

"ரோஸ்லினே, இனி நீ கடைசி வரிசையில வா என்ன. அப்ப யாருக்கும் எடைஞ்சல் இல்ல."

அடுத்த திருவிருந்தில் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து காட்டுவேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எழ முடியாவிட்டால் சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிடுவது என்றும் முடிவு செய்தேன். கடைசி வரிசைக்குப் போவது மட்டும் நடக்காது.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. என் கணவர் தங்கராஜ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். உலகத்தில் எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: மைதானத்தை ரெண்டு சுற்று. காய்ச்சலா, ரெண்டு சுற்று. கடன் தொல்லையா, ரெண்டு சுற்று. என் முட்டு வலிக்கும் அதையே சொன்னார். அவரிடம் இனிமேல் முழங்காலைப் பற்றிப் பேசுவதில்லை என்று விட்டுவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஜெபினுக்குப் போன் போட்டேன்.

அங்கே அவனுடைய மேலதிகாரியின் அம்மாவுக்கு ஏதோ சி.பி.டி. எண்ணெய் கொடுத்தார்களாம், அந்த அம்மா இப்போது படியேறுகிறாளாம். ஆயுர்வேத டாக்டர் ஒருவர் போனிலேயே பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார், எண்ணெய் கூரியரில் வரும், எல்லாம் சட்டப்படிதான் என்றான். டாக்டர் வீடியோவில் வந்தார். பேச்சு முடியும் வரை அவர் பார்த்தது என் நெற்றியை மட்டும்தான். நான் போனை அப்படித்தான் பிடித்திருந்தேன். நெற்றியைப் பார்த்தே முழங்காலுக்கு மருந்து எழுதிய அந்த மேதையை இன்றைக்கும் நான் மதிக்கிறேன்.

எண்ணெய் வந்தது. பெரிய பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டி, அதற்குள் கண்ணுக்கு விடும் மருந்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குப்பி. அதன் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய தேங்காய் எண்ணெய் ஆட்டிவிடலாம். மேலே ஒரு இலைப் படம். விரித்த கை மாதிரி நீள நீளமான இலை. நாங்கள் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளி, எனக்குத் தெரியாத இலையா? உடனே ஜெபினைக் கூப்பிட்டேன்.

"மக்கா, இது மரச்சீனி எலைல்லா. நம்ம வெளையில எத்தன மூடு நிக்கி. இதுக்குப் போயா இவ்வளவு பைசா?"

"அத்தே, அது மரச்சீனி இல்ல. கஞ்சாச் செடி."

பிறகு அவன் நெடுநேரம் விளக்கினான். அந்தச் செடியில் போதை தருவது வேறு சரக்கு, இந்த எண்ணெயில் இருப்பது வேறு சரக்கு, இது போதை தராது, மேலே தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது, சிலருக்கு வலி குறையும், சிலருக்குக் குறையாது என்றெல்லாம் சொன்னான். எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. கஞ்சா மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் சபையில் போதை ஒழிப்புக் குழுவுக்கும் நான்தான் செயலாளர். (பதவி என்றால் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. எடை கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) அதற்குச் சற்று முன்புதான் நாங்கள் ஊரைச் சுற்றி ஊர்வலம் போயிருந்தோம். முழங்கால் வலிக்காரி என்று என்னை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். என் மடியில் ஒரு பெரிய தட்டி, அதில் இதே இலை, அதன் குறுக்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கோஷம் எழுதியதும் நான்தான். அப்போதும் அந்த இலையை மரச்சீனி என்றே நினைத்து, நம் ஊர் மரச்சீனிமீது அரசாங்கத்துக்கு என்ன கோபம் என்று யோசித்துக்கொண்டே கோஷம் போட்டேன்.

புத்தியுள்ளவள் குப்பியை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பாள். எனக்கு அதன் விலை ஞாபகத்துக்கு வந்தது. அதைவிடப் பெரிதாகப் புஷ்பம் டீச்சரின் கடைசி வரிசை ஞாபகத்துக்கு வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தேய்த்தேன்.

சில சொட்டு போதும் என்று சீட்டில் இருந்தது. அதை எழுதியவர் என் முழங்காலைப் பார்த்ததில்லை என்று முன்பே சொன்னேன். சில சொட்டு என் முட்டில் ஒரு ஓரத்தை நனைக்கவே காணாது. அதுவும் போக, எங்கள் பக்கத்தில் எந்த மருந்தானாலும் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சூடாக்கினால்தான் அது மருந்து. அதனால் தேங்காய்ப் பாலைக் காய்ச்சி நானே எடுத்த உருக்கெண்ணெயில் குப்பி முழுவதையும் கவிழ்த்து, இளஞ்சூடாக்கி, பழைய ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றில் ஊற்றினேன். கணவர் கண்ணில் படாமல் இருக்க, சமையலறை அலமாரியில் மற்ற உருக்கெண்ணெய் பாட்டில்களுக்கு நடுவிலேயே அதை வைத்தேன். எண்ணெயை எண்ணெய்க்குள் ஒளிப்பது யாருக்குத் தோன்றும்? எனக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று கேக் பெட்டியிலிருந்து அவிழ்த்த சிவப்பு ரிப்பனை அதன் கழுத்தில் கட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று அன்று நினைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். விளைந்ததில் முதல் தரமானதை ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விட்டு, வரும் பணத்தை சபைக்குச் சேர்ப்பார்கள். வாழைக்குலையோ பலாப்பழமோ, இது கோயிலுக்கு என்று நேர்ந்துவிட்டால் அதில் ஒரு துணியைக் கட்டிவிடுவோம். துணி கட்டியதை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டுக் காணிக்கை ஒவ்வொரு வருஷமும் ஒரு பாட்டில் உருக்கெண்ணெய். அதற்கும் ரிப்பன் கட்டித்தான் அனுப்புவேன். ஆனால் அந்த ரிப்பன் நீலம். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்குச் சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்று நான் எதை நம்பி நினைத்தேன் என்று தெரியவில்லை.

எண்ணெய் தேய்க்க ஆரம்பித்த பிறகு வலி குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. நான் வலியைவிடப் போதையைத்தான் அதிகம் கவனித்தேன். ஒருநாள் கணவர் சாப்பிடும்போது ஒரு நகைச்சுவை சொன்னார், நான் சிரித்துவிட்டேன். உடனே உடம்பெல்லாம் வியர்த்தது. கல்யாணமான நாள் முதல் அவர் நகைச்சுவைக்கு நான் சிரித்ததில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று தோரணம் கட்டுவதற்காகப் பெண்கள் சங்கத்தோடு நான் முன்னதாகவே போய்விட்டேன். காணிக்கை எண்ணெயை எடுத்து வரும்படி கணவரிடம் சொல்லியிருந்தேன். ஆராதனை முடிந்து வளாகத்துப் பந்தலில் ஏலம் தொடங்கியது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் பூசணிக்காய், சேனைக்கிழங்கு, வாழைக்குலை, கோழிகள். ஏலம் விட்டவர் இரும்புக் கடை வில்சன். இனயம் கடற்கரையில் மீன் ஏலம் பார்த்துப் பழகியவர் என்பதால் வெண்டைக்காயைக்கூடத் துள்ளத் துள்ள விற்றுவிடுவார். கையில் மைக். கூரைமேல் ஒலிபெருக்கி.

"அடுத்தால, நம்ம ரோஸ்லின் அக்கா வீட்டு உருக்கெண்ணெய்" என்று அவர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

முழங்கால் வலி போய் நெஞ்சு வலி வந்தது. போதை ஒழிப்புக் குழுச் செயலாளர் வீட்டுக் கஞ்சா எண்ணெய், போதகர் முன்னிலையில், ஆண்டவருடைய பெயரில், ஏலத்துக்கு வந்து நிற்கிறது. ஒரே வழிதான் தெரிந்தது. நானே ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கையைத் தூக்கினேன். தன் வீட்டு எண்ணெயைத் தானே ஏலம் கேட்கிறவளைப் பந்தலே திரும்பிப் பார்த்தது. என்ன ஒரு பக்தி என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். என்ன ஒரு பெருமை என்று புஷ்பம் டீச்சர் நினைத்திருக்க வேண்டும். உடனே கூட்டிக் கேட்டாள். நான் அதற்குமேல் கேட்டேன். அவள் அதற்குமேல் கேட்டாள்.

ஆண்கள் பக்கம் இருந்த கணவருக்குக் கண்ணைக் காட்டினேன். 'பாட்டில் மாறிவிட்டது, ஏதாவது செய்யுங்கள்' என்பது அதன் அர்த்தம். அவர் புரிந்துகொண்டதாகத் தலையை ஆட்டினார், எழுந்து நின்றார், எனக்கும் புஷ்பம் டீச்சருக்கும் மேலாகத் தானும் ஏலம் கேட்டார். ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சொந்த எண்ணெய்க்குப் போட்டி போடுவதைப் பார்த்து வில்சன் மைக்கிலேயே சிரித்தார். அந்த எண்ணெய் ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலையைத் தொட்டபோது, புஷ்பம் டீச்சர் எழுந்து நின்றாள்.

"வில்சா, என் மவளுக்குப் பிள்ள பெறந்திருக்கு. நேத்துதான் நாரோயில் ஆஸ்பத்திரியில இருந்து வந்தா. பேத்திக்கு இண்ணைக்கு மொத எண்ணெய்க் குளி. அதுக்குத்தான் கேக்கேன்."

பச்சைப் பிள்ளைக்கு என்று ஒருவர் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதிர் ஏலம் கேட்க மாட்டார்கள். வில்சன் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மூச்சு விடாமல் முடித்துப் பாட்டிலை டீச்சர் கையில் கொடுத்தார். பந்தல் வாசலில் அவள் மருமகன் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு தயாராக நின்றான். வீட்டில் வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்களாம்.

அதுவரை நான் என் மானத்தைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் ஸ்கூட்டரை நோக்கிப் போவதைப் பார்த்ததும் வேறு விதமான பயம் வந்தது. போதை தராது என்று ஜெபின் சொன்னது பெரியவர்கள் முட்டுக்கு. பிறந்த குழந்தையின் உச்சந்தலைக்கு என்ன செய்யும் என்று நான் கேட்டிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் மானம் தப்பும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மானத்தை வைத்து நான் என்ன செய்ய?

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி என்னைப் பிரிய மனமில்லாமல் ரெண்டு எட்டு கூடவே வந்தது, பிறகு விழுந்தது. ஓடினேன். குறுக்கே பூசணிக்காய்க் குவியல் கிடந்தது. சுற்றிப் போக நேரமில்லை, தாண்டினேன். ஒரு கோழி கூடையை உடைத்துக்கொண்டு பறந்தது. டீச்சர் கையிலிருந்த பாட்டிலைப் பிடித்தபோது வில்சன் மைக்கோடு எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை.

"டீச்சர், அத பிள்ளைக்குத் தேய்க்காண்டாம்."

"ஏலத்துல தோத்த பெறவு எதுக்குட்டி இந்த வேல?"

"அது என் முட்டுக்குத் தேய்க்குத எண்ணெய். அதுல கஞ்சா எண்ணெய் கலந்து கெடக்கு."

கூரைமேலிருந்த ஒலிபெருக்கி இதை ரயில்வே கேட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தப்பிய கோழி பந்தலுக்குள் கொக்கரித்துக்கொண்டே ஓடியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். என் கணவர் ஆண்கள் பக்கத்தில் நின்று பந்தலின் துணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். புஷ்பம் டீச்சர் பாட்டிலைப் பார்த்தாள், விழுந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தாள், பூசணிக்காய்க் குவியலைப் பார்த்தாள், கடைசியாக என் காலைப் பார்த்தாள். பிறகு ரகசியமாகக் கேட்டாள்.

"நீ இப்ப ஓடியா வந்த?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு முட்டும் போச்சு, ரோஸ்லினே. வெளிய சொல்லல."

மைக் இன்னும் அணையவில்லை. ரயில்வே கேட்டுக்கு அதுவும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு நடந்ததை வைத்துத்தான் என் சபையாரின் ஒழுக்கத்தை நான் மெச்சுகிறேன். ஊர்வலத்தில் என் ஆட்டோவுக்குப் பின்னால் தட்டி பிடித்துக் கஞ்சாவை ஒழிப்போம் என்று கத்திய அத்தனை பேரும் என்னைச் சுற்றிக் கூடினார்கள். கல்லெறியத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஜெபினுடைய போன் நம்பர் வேண்டுமாம். பூசணிக்காயைத் தாண்டியது ஒரு சொட்டிலா, ரெண்டு சொட்டிலா என்று ஒருவர் கேட்டார். இடுப்புக்கும் கேட்குமா என்று இன்னொருவர் கேட்டார். போதகர் டாக்டரின் சீட்டை வாங்கி வாசித்துவிட்டு, சட்டப்படி தவறில்லை, ஆனாலும் பாட்டில் பொறுப்பான இடத்தில் இருப்பது நல்லது என்று சொல்லித் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். கிறிஸ்துமசுக்குள் அது பாதி ஆகிவிட்டது. போதகரின் மனைவிக்கும் முட்டு வலி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

பேத்தியின் குளிப்புக்கு என் கணவரே வீட்டுக்கு ஓடிப்போய், நீல ரிப்பன் கட்டிய பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒழிப்புக் குழுவிலிருந்து நான் ராஜினாமா செய்தேன். அந்த வேலைக்கு வேறு யாரும் வராததால் இன்றுவரை நானே செயலாளர்.

என் முட்டுக்கு என்ன ஆயிற்று? அந்த ஓட்டத்தில் ரெண்டும் வீங்கி ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எண்ணெய் கொஞ்சம் இதமாக இருந்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு என்னை ஓட வைத்தது பயம்தான், எண்ணெய்க்கும் பூசணிக்காய்க்கும் சம்பந்தமில்லை என்றார். எடையைக் குறைக்க வேண்டும், தினமும் பைய நடக்க வேண்டும் என்றார். எவ்வளவு தூரம் என்று கணவர் ஆவலாகக் கேட்டார். பக்கத்தில் ஏதாவது மைதானம் இருந்தால் ரெண்டு சுற்று போதும் என்றார் அந்தப் பாவி டாக்டர். பஸ்ஸில் வீடு வரும் வரை என் கணவர் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு ஆணவமான மௌனத்தை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த திருவிருந்து வந்தது. கிராதியின் ஒரு ஓரத்தில் போதகர் ஒரு நீள பெஞ்சைப் போட்டிருந்தார். முட்டு முடியாதவர்கள் அதில் உட்கார்ந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. யாரையும் பிடிக்காமல் எழுவேன் என்ற சபதம் அப்போதும் மிச்சம் இருந்தது. அப்போது புஷ்பம் டீச்சர் முதல் ஆளாகப் போய் அதில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துப் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். எங்களைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், பிறகு ரெண்டு பேர், பிறகு பெஞ்சு பற்றாமல் போயிற்று. இத்தனை காலமாக எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு ஊரில் எண்ணெய் பெஞ்சு என்று பெயர். கல்யாணமாகி வருகிற மருமகள்களுக்குக்கூட, முதல் வாரமே பெயர்க்காரணத்தோடு கதை சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதை மிக விரிவாகச் சொல்பவர் என் கணவர்தான். பூசணிக்காய்க் குவியலின் உயரம் அவர் வாயில் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது.

போன மாதத் திருவிருந்தில் நான் பெஞ்சில் இருந்தபோது எனக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் விளையாட்டு ஆசிரியர். ஒரு கையால் கிராதியையும் மறு கையால் தன் முழங்காலையும் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் நீங்கி இரிட்டி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"மைதானத்த ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க. எடம் இருக்கான்னு பாப்போம்" என்றேன்.

(நகர்ந்து இடம் கொடுத்தேன். திருவிருந்து நேரம் அல்லவா.)